எலி மருந்தைக் கடைசியாகக் கையில் எடுங்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். பரமத்தி வேலூர் பக்கம் 14,000 முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். தூண் மேல் எழுப்பிய ஷெட் இரண்டு, தீவனம் அரைக்கிற குடோன் ஒன்று. சுற்றிலும் தென்னை, பின்பக்கம் கரும்புக் காடு. ஒரு வருடமாக எலித் தொல்லை தாங்கவில்லை. மூட்டையைக் கிழிக்கிறது, முட்டையை உடைக்கிறது, போன மாதம் மோட்டார் வயரைக் கடித்து அரை நாள் தண்ணீர் ஏறவில்லை. கடையில் கொடுத்த கறுப்பு மருந்துத் தூளைப் பொரியில் கலந்து வைத்தேன். முதல் இரண்டு நாள் நாற்பது எலி வரை செத்தது, அப்புறம் தொடவே இல்லை. இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. எங்கேயோ கிடைத்த பேஸ்ட்டைத் தடவி வைத்ததில் என் நாய் செத்துப்போனது. இப்போது ஒருவர் மாத்திரை போட்டு வளையை அடைத்துவிடலாம் என்கிறார். எந்த மருந்து வைத்தால் ஒரேயடியாக ஒழியும்? பூனை வளர்க்கலாமா? செத்த எலியைக் கொத்தின நாட்டுக்கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா? முதல் ஷெட் கோழியை அடுத்த மாதம் கழிக்கப்போகிறேன். வீட்டில் கறவை மாடு இரண்டு. அதில் ஒன்று போன வாரம் ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எலியைப் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டு, மாடு கன்று வீசியதைப் போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

சினையின் கடைசி மூன்று மாதத்தில் கன்று வீசுவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் சில மனிதர்களுக்கும் தொற்றக்கூடியவை, முக்கியமாக இரண்டு. ஒன்று புருசெல்லா, நாம் கன்று வீச்சு நோய் என்று சொல்வது. இன்னொன்று லெப்டோஸ்பைரா, அதாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரகத்தில் இந்தக் கிருமி அதன் ஆயுள் முழுக்கச் சும்மா குடியிருக்கும், எலிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் மூத்திரம் பட்ட தவிட்டை, தண்ணீரை, ஈரப் புல்லைத் தொட்ட மாட்டுக்குக் காய்ச்சல் வரும், திடீரென்று பால் வற்றும், பால் மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ வரும், கன்று வீசும். உங்கள் மாட்டுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டில் ஒன்றா, வேறு காரணமா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அதனால் நாளைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். மருத்துவர் ரத்த மாதிரி எடுத்து மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார். அதற்கு முன்னால் நீங்களாக ஊசி எதுவும் போட வேண்டாம்.

வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் யார் எடுத்துப் போட்டது? வெறும் கையால் எடுத்திருந்தால், அவருக்கு அடுத்த சில வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் பிடுங்குகிற மாதிரி வலி, கண் சிவப்பு ஏதாவது வந்தால் ‘சாதாரணக் காய்ச்சல்’ என்று மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருக்கக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ‘பண்ணையில் எலி இருக்கிறது, மாடு கன்று வீசியது’ என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகாது. எலிக்காய்ச்சல் ஆரம்பத்தில் பிடித்தால் எளிதாகக் குணமாகிற நோய். விட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். ஷெட்டுக்குக் கீழே எருவில் வெறுங்காலோடு நிற்கிற ஆட்களுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். காலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலே கிருமிக்கு அது போதும்.

சரி, எலிக்கு வருவோம்.

எந்த மருந்து என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடமாகப் பண்ணை பண்ணையாகப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எலியின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது மருந்து இல்லை, உங்கள் பண்ணை எத்தனை எலிக்குச் சோறும் இடமும் தருகிறது என்பதுதான். நூறு எலிக்கு வசதி இருக்கிற இடத்தில் நாற்பதைக் கொன்றால், மிச்சம் அறுபதுக்குச் சாப்பாடு தாராளமாகிவிடும். குட்டிகள் சாகாமல் பிழைக்கும். வீட்டெலிக்குச் சினைக் காலம் மூன்று வாரம்தான். ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டி. அந்தக் குட்டி மூன்று மாதத்தில் தானே குட்டி போடும். சுண்டெலி இன்னும் வேகம், ஆறு வாரத்தில் பருவத்துக்கு வந்துவிடும். உங்களுக்கு இரண்டு மாதத்தில் பழையபடி ஆனதில் ஆச்சரியமே இல்லை.

முதல் இரண்டு நாள் செத்து, அப்புறம் தொடாமல் போனதற்கும் காரணம் உண்டு. அந்தக் கறுப்புத் தூள் சிங்க் பாஸ்பைடாகத்தான் இருக்கும். அது வயிற்றில் போனதும் அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற விஷ வாயுவாக மாறும். சில மணி நேரத்தில் எலி சாகும். ஆனால் எலி புதுசாக எதைக் கண்டாலும் முதலில் ஒரு துளி கடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்குகிற பிராணி. அந்தத் துளியால் வயிற்றைப் பிரட்டி, ஆனால் சாகாமல் தப்பித்துவிட்டால், அந்த ருசியை மறக்கவே மறக்காது. அதனால்தான் வேளாண் துறையில் இந்த மருந்தை வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத வெறும் பொரியை வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள். நீங்கள் முதல் நாளே மருந்தோடு வைத்துவிட்டீர்கள். மாதக்கணக்குக்கு அந்தப் பொரி உங்கள் பண்ணையில் எடுபடாது.

பேஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. மனித உயிர்கள் அவ்வளவு போயின. அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. சாப்பிட்ட நாய் முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டுத் தேறிவிட்டதுபோல் நிற்கும், இரண்டு மூன்று நாளில் கல்லீரல் போய்விடும். உங்கள் நாய்க்கு நடந்தது அதுவாக இருக்கலாம். மிச்சம் பேஸ்ட் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். குப்பையிலோ கிணற்றுப் பக்கமோ வீசவும் வேண்டாம், வேளாண் அலுவலரிடம் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

மாத்திரை என்று உங்கள் நண்பர் சொல்வது அலுமினியம் பாஸ்பைடு. அது தனி ஆட்கள் கடையில் வாங்கி வைக்கிற சரக்கே இல்லை. அனுமதி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியது. ஷெட்டின் அடித்தளத்தில் ஒரு வளையில் போட்டு அடைத்தால், வாயு எந்த விரிசல் வழியாக எங்கே கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் ஆட்கள் குடும்பத்தோடு பண்ணைக் குடியிருப்பில் தூங்குகிறார்கள் அல்லவா? 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். தயவுசெய்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது என்ன? முதலில் உங்கள் எதிரி யார் என்று பாருங்கள். எலி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உங்கள் பண்ணையில் மூன்று வகையாக இருக்கும். ஒவ்வொன்றும் இருக்கிற இடம் வேறு, திறமை வேறு.

இன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வாக்கில், ஷெட்டுக்குள் தனியாகப் போங்கள். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் எலிக்குச் சரியாகத் தெரியாது. ஓர் ஓரமாகப் பத்து நிமிடம் ஆடாமல் நில்லுங்கள். ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணையில் நான் இப்படி நின்றபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கோழிகள் தண்ணீர் குடிக்கிற நிப்பிள் குழாய் மேல் ஒரு வீட்டெலி வந்தது. வாலைக் குழாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகக் குனிந்து, நிப்பிள் நுனியில் நின்ற சொட்டை நக்கிக் குடித்தது. ஒரு நிப்பிள் முடிந்து அடுத்தது. கீழே கோழிகள் கண்டுகொள்ளவே இல்லை. காலையில் அதே குழாயைத் துடைத்துப் பார்த்தால், மேல்பக்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிக் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. எலி தினமும் போகிற பாதையில் அதன் உடம்புப் பிசுக்கு ஒட்டும். உங்கள் ஷெட்டில் அந்தக் கறுப்புக் கோடு எங்கெல்லாம் இருக்கிறதோ, அதுதான் அதன் சாலை. பொறியும் மருந்தும் அங்கேதான் வைக்க வேண்டும், உங்களுக்குக் குனிய வசதியான இடத்தில் இல்லை.

இந்த வீட்டெலி ஏறுகிற ஜாதி. தென்னை மண்டையில் கூடு கட்டும், வயர் மேல் நடக்கும், கூரைக்குள் குடியிருக்கும். உங்கள் பக்கம் வெயில் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் தென்னங்கீற்றும் கரும்புச் சோகையும் பரப்புவீர்கள். கோழிக்கு அது நல்லது, நானும் செய்யச் சொல்வேன். ஆனால் மழை வந்த பிறகும் அதை எடுக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டால் வீட்டெலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஐப்பசி வரை கிடக்கிற கீற்றைக் கிளறிப் பாருங்கள், குட்டியோடு கூடு இருக்கும்.

இரண்டாவது, தரையில் வளை தோண்டுகிற பெருச்சாளியும் அதன் சின்ன இனமும். வளை வாயில் புது மண் குவித்திருக்கும். கரும்பு வெட்டி முடிந்ததும் காட்டிலிருந்து இது கூட்டமாக உங்கள் பக்கம் நகரும். அந்தச் சமயம் பார்த்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மூன்றாவது சுண்டெலி. இது குடோனில், சாக்கு அடுக்கில், அட்டை ட்ரே கட்டுகளுக்குள். சுண்டெலிக்குத் தண்ணீர்கூடப் பெரிதாகத் தேவையில்லை, தீவனத்தில் இருக்கிற ஈரத்திலேயே காலம் தள்ளும். ஆறு மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழைகிற ஓட்டை, அதற்குப் போதும்.

புழுக்கையை வைத்தே வகையைச் சொல்லிவிடலாம். சுண்டெலியுடையது அரிசி அளவு. வீட்டெலியுடையது அரை அங்குலம், இரண்டு முனையும் கூராக இருக்கும். பெருச்சாளியுடையது இன்னும் பெரிது, முனை மொண்ணை. ஒரு முனையில் வெள்ளையாக இருந்தால் அது பல்லி எச்சம், பயப்பட வேண்டாம். பளபளப்பாக, அழுத்தினால் நசுங்கினால் நேற்று போட்டது. உலர்ந்து சாம்பல் நிறமாக உதிர்ந்தால் பழையது. சாயங்காலம் சுவரோரம் சுண்ணாம்புத் தூளை ஒரு முழ அகலத்துக்கு மெல்லிசாகத் தூவிவிட்டுக் காலையில் கால் தடம் பாருங்கள். வளைகளை மண் போட்டு மூடிவிட்டு மறுநாள் எத்தனை திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். திறந்தவை மட்டும்தான் ஆள் இருக்கிற வளை. இந்த எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு திரும்ப எண்ணினால்தான் பலன் தெரியும். செத்த எலியை எண்ணுவதில் பிரயோசனம் இல்லை, உயிரோடு இருப்பதைத்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது சாப்பாட்டை நிறுத்துவது. ஒரு பெரிய எலி நாளைக்கு 25 கிராம் அளவு தீவனம் தின்னும். நூறு எலி என்றால் இரண்டரைக் கிலோ. 23 முட்டைக்கோழிக்கான தீவனம் அது. வருடத்துக்கு 900 கிலோவுக்கு மேல். கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் 27,000 ரூபாய் போகிறது. தின்பதைவிட மூத்திரமும் புழுக்கையும் முடியும் கலந்து கெடுப்பது அதிகம், அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

குடோனில் மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்கியிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவு, ஒன்றரை முதல் இரண்டு அடி, இடம் விடுங்கள். தரையிலிருந்து முக்கால் அடி உயரத்துக்கு மரச்சட்டம் போட்டு அதன் மேல் அடுக்குங்கள். எலிக்குத் திறந்த வெளியில் ஓடப் பயம், மீசை சுவரில் உரசிக்கொண்டே போகத்தான் அதற்குப் பிடிக்கும். நீங்கள் அந்தச் சந்தில் விளக்கோடு தினமும் நடந்தாலே பாதி எலி இடம் மாறும். குடோன் கதவுக்கு அடியில் தகரம் அடியுங்கள். ஜன்னலுக்கு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை. சுவர் ஓட்டைகளைச் சிமெண்டோடு உடைந்த கண்ணாடித் தூள் கலந்து அடையுங்கள். வெறும் மண்ணையோ துணியையோ திணித்தால் அன்றைக்கு ராத்திரியே திறந்துவிடும். எலியின் முன்பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். வயரைக் கடிப்பதும் அதனால்தான். மோட்டார் வயரையும் மின்விசிறி வயரையும் இரும்புக் குழாய்க்குள் விட்டுவிடுங்கள். கூரை மேல் காய்ந்த கீற்று இருக்கிற நாளில் ஒரு மின்கசிவுப் பொறி போதும், ஷெட் மிஞ்சாது.

ஷெட்டில் தீவனத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போதும், தடவை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். நிரம்பிய தொட்டியிலிருந்து கோழி அலகால் தள்ளிவிடுவதுதான் கீழே எருவில் விழுந்து எலிக்கு விருந்தாகிறது. ஒழுகுகிற நிப்பிளை மாற்றுங்கள். ஷெட் தூண்களைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு வழவழப்பான தகரத்தை இறுக்கமாகச் சுற்றி அடித்தால் எலி ஏறும்போது வழுக்கும். தென்னை மரங்களுக்கும் ஆள் உயரத்தில் அதே மாதிரித் தகரப் பட்டை. இதெல்லாம் செய்துவிட்டு, கூரையைத் தொடுகிற ஒரு மட்டையை வெட்டாமல் விட்டால் அத்தனையும் வீண். ஒரே ஒரு மட்டை போதும் அதற்கு. ஷெட்டைச் சுற்றி மூன்றடிக்குச் செடி கொடி இல்லாமல் செதுக்கி ஜல்லி போட்டுவிடுங்கள். பழைய கேஜ் கம்பி, உடைந்த ட்ரே, கிழிந்த படுதா எல்லாவற்றையும் ‘பின்னால் உதவும்’ என்று ஷெட் ஓரம் சாய்த்து வைத்திருப்பீர்கள். அவற்றை இந்த வாரமே எடைக்குப் போடுங்கள்.

பூனை வேண்டாம். பூனை சில சுண்டெலியைப் பிடிக்கும், ஆனால் இந்த எண்ணிக்கைக்கு அது ஈடு கொடுக்காது. கேஜ் மேல் பூனை ஏறினால் கோழி மிரண்டு முட்டை குறையும். தவிட்டு மூட்டை மேல் பூனை மலம் கழித்தால் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தீவனத்தில் கலக்கும். ஆடு வைத்திருப்பவர்களுக்கு அது குட்டி வீச்சில் கொண்டுபோய் விடும், வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அவருக்கும் ஆபத்து. நீங்கள் வளர்க்காமலே உதவுகிறவை வேறு இருக்கின்றன. தோப்பில் கூகை வந்து உட்கார்ந்தால் அபசகுனம் என்று கல் எறியாதீர்கள், அது ஒரு ராத்திரிக்கு ஓரிரண்டு எலியைத் தின்னும். சாரைப்பாம்பையும் அடிக்காதீர்கள். ஆனால் எலி இருக்கிற வரை நல்ல பாம்பும் வரும். முட்டை பொறுக்க அதிகாலை இருட்டில் கையை நீட்டுகிற பெண்களுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும், அதையும் கவனியுங்கள்.

பொறி வைப்பதைப் பலரும் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் குடோனுக்குள் பொறிதான் சிறந்தது, ஏனென்றால் தீவனம் இருக்கிற கட்டடத்துக்குள் விஷம் நுழையவே கூடாது. இரண்டு பொறி பத்தாது, இருபது வையுங்கள். கம்பி அடிக்கிற பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கிற முனை சுவரைத் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். முதல் நான்கைந்து நாள் விசையை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் குவிந்து கிடக்கிற இடத்தில் இன்னொரு தானியம் வைத்தால் எலி திரும்பிப் பார்க்காது. சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, வேர்க்கடலை வையுங்கள். வெளியே வளை வாய்களில் டெல்டாக்காரர்கள் வயலில் வைக்கிற தஞ்சாவூர் கிட்டி நன்றாக வேலை செய்யும். மூங்கில் வில் பொறிதான், விஷம் கிடையாது. எலி பிடிக்கத் தெரிந்த இருளர் யாராவது கிடைத்தால் கூப்பிடுங்கள். ஆள் இருக்கிற வளை எது, தப்பிக்கிற வாய் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். அந்த அறிவுக்குத் தகுந்த கூலியைக் கொடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு மருந்து. பண்ணைக்கு நான் சொல்வது புரோமடியோலோன், 0.005 சதவீதம், கட்டியாகவே கிடைக்கிறது. இது ரத்தம் உறையாமல் செய்கிற மருந்து. தின்ற எலி நான்கைந்து நாள் கழித்துத்தான் சாகும். அதனால் எதைத் தின்று செத்தோம் என்ற சந்தேகமே மற்ற எலிகளுக்கு வராது. ஆனால் இரண்டாம் நாள் ஒன்றும் சாகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். தின்று தீர்ந்த இடத்தில் திரும்ப வைத்து, யாரும் தொடாத நிலை வரும் வரை, இரண்டு மூன்று வாரம் விடாமல் வைக்க வேண்டும்.

வைக்கிற விதம் முக்கியம். நான்கு அங்குல பி.வி.சி. குழாயை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, நடுவில் கட்டியைக் கம்பியால் கட்டி, குழாயைச் சுவரோரம் அசையாமல் பொருத்துங்கள். நடுவில் இருக்கிற கட்டி நாய்க்கும் கோழிக்கும் எளிதில் எட்டாது, எலிக்கு இருட்டான சந்து என்றால் தைரியம். ஷெட்டுக்கு வெளியே முப்பது அடிக்கு ஒன்று. சுண்டெலி கூட்டைவிட்டு அதிக தூரம் போகாது, அது இருக்கிற இடத்தில் நெருக்கமாக வைக்க வேண்டும். தீவனத் தொட்டிப் பக்கம், கேஜுக்கு மேல் எங்கும் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் எண் எழுதி, நோட்டில் குறித்து வையுங்கள். வேலை முடிந்ததும் எண்ணிப் பார்த்து மிச்சக் கட்டியைத் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

தினமும் விடிந்ததும் செத்த எலியைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்க ஓர் ஆளை இதற்கென்றே வையுங்கள். செத்த எலியைத் தின்கிற நாய்க்கும் கூகைக்கும் அதே விஷம் போய்ச் சேரும். நாய் தின்றுவிட்டது என்று தெரிந்தால், ரத்தம் வரும் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து உண்டு, வைட்டமின் கே1. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் பெரும்பாலும் பிழைக்கும். நான் இதைத் தேர்ந்தெடுப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

உங்கள் நாட்டுக்கோழி விஷயத்துக்கு வருகிறேன். செத்த எலியைக் கொத்தின கோழிகளைப் பிரித்து அடைத்துவிடுங்கள். முட்டையைச் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ரத்தம் உறையாமல் செய்கிற மருந்துகள் கல்லீரலில் நீண்ட நாள் தங்கும், முட்டையிலும் இறங்கும். எந்த மருந்து, எப்போது என்று சொன்னால் எத்தனை நாள் ஒதுக்குவது என்று உங்கள் பக்கத்து மருத்துவர் முடிவு செய்வார். நான்கைந்து கோழி முட்டைக்காகக் குடும்பத்தைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் உங்களுக்கு மிகவும் உதவப்போகிற ஒரு விஷயம். முதல் ஷெட் அடுத்த மாதம் காலியாகப் போகிறது. வழக்கமாக என்ன செய்வீர்கள்? பழைய கோழியை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் எரு அள்ளுவீர்கள், தண்ணீர் அடித்துக் கழுவுவீர்கள், மருந்து தெளிப்பீர்கள், சுண்ணாம்பு அடிப்பீர்கள். அப்போது எலி என்ன செய்யும்? முதல் நாள் சத்தத்திலேயே கூட்டமாகக் கிளம்பி இரண்டாவது ஷெட்டுக்கும் குடோனுக்கும் உங்கள் மாட்டுக் கொட்டகைக்கும் போய்விடும். புதுக் கோழி ஏற்றி விளக்குப் போட்டதும் திரும்பி வரும், பழைய கோழியின் கிருமியோடு. அமெரிக்க முட்டைப் பண்ணைகளில் 1990களில் செய்த ஆய்வுகளில் ஒரே ஒரு சுண்டெலிப் புழுக்கையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சால்மொனெல்லா கிருமிகளைப் பார்த்தார்கள். அந்தப் புழுக்கை தீவனத் தொட்டியில் தீவனக் குருணை மாதிரிதான் தெரியும், கோழி கொத்திவிடும். எவ்வளவு கழுவினாலும் ஷெட்டிலேயே கிருமி தங்குகிறது என்று பண்ணையாளர்கள் என்னிடம் வருத்தப்படும்போது, நான் கேட்கிற முதல் கேள்வி, கழுவும்போது எலி எங்கே இருந்தது என்பதுதான்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். பழைய கோழியை வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே குழாய்களை மருந்தில்லாமல், உள்ளே தேங்காய்ச் சில்லு மட்டும் போட்டு அந்தந்த இடத்தில் பொருத்திவிடுங்கள், எலி பழகட்டும். கடைசி வண்டி கிளம்பிய அன்றைக்குச் சாயங்காலமே தொட்டியில் இருக்கிற தீவனத்தையும் தரையில் சிந்தியதையும் ஒட்டக் கூட்டி எடுங்கள், தண்ணீரை நிறுத்துங்கள். எருவைத் தொடாதீர்கள். கூரைக் கீற்றைத் தொடாதீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்த எலிகளுக்கு வேறு சாப்பாடே இல்லை. அப்போது மருந்துக் கட்டியைக் குழாய்க்குள் கட்டுங்கள். அதே ராத்திரி இரண்டாவது ஷெட்டின் வெளிச்சுற்றிலும் மாட்டுக் கொட்டகையின் வெளிச்சுற்றிலும் குழாய் இருக்க வேண்டும், நகர்கிறவை அங்கே மாட்டிக்கொள்ளும். கொட்டகை உள்ளே, தவிட்டுப் பக்கம் பொறி மட்டும். பத்து நாளாவது பொறுங்கள். இத்தனை நாள் ஷெட் சும்மா கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். குழாயில் கட்டி தொடாமல் இருப்பதைத் தொடர்ந்து மூன்று நாள் பார்த்த பிறகு எருவை அள்ளுங்கள், கீற்றை இறக்குங்கள், வளைகளை இடித்து மூடுங்கள், அப்புறம் கழுவுங்கள். கழுவின ஷெட்டில் ஈரம் நன்றாகக் காயட்டும், எலிக்காய்ச்சல் கிருமி வெயிலிலும் உலர்ந்த இடத்திலும் பிழைக்காது.

பழைய கோழியை ஏற்றி அனுப்புகிற தேதி முடிவானதும், நோட்டில் இருக்கிற வளை எண்ணிக்கையோடு எனக்கு எழுதுங்கள். எத்தனை குழாய், எங்கெங்கே என்று ஷெட்டின் அளவை வைத்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன். மாட்டின் ரத்தப் பரிசோதனை முடிவு அதற்கு முன்பே வந்துவிடும், அதையும் சேர்த்து அனுப்புங்கள். இன்னொரு மாடும் சினையா என்று நீங்கள் எழுதவில்லை. சினையாக இருந்தால் இன்றைக்கே அதை வேறு இடத்தில் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.